பின்சக்கரம் வழுக்கிய மாதம்

எங்கள் என்ஜின் வழுக்க ஆரம்பித்தபோது நான் முதலில் தண்டவாளத்தைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் செயினை, அப்புறம் மோட்டாரை, கடைசியில்தான் மனிதனை. என் மனைவியைக் கேட்டால் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்வாள். “உங்களுக்கு முதல்ல ஆள் மேலதான் சந்தேகம் வரும், அப்புறந்தான் சாமான் மேல” என்பாள். இருக்கட்டும். பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்க்கிற ஆள்தான் நான். இஸ்திரிக்குப் போன சட்டை திரும்பி வந்தால் பொத்தானைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் இத்தனை காலம் குப்பை கொட்டியவனுக்கு எதையும் நம்பாமல் இருப்பது தொழில் சொல்லிக்கொடுத்த குணம்.

என்ஜின் என்றதும் பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து போகிற ரயில். டீசல் என்ஜின் ஒன்றைப் பார்த்து அதைச் சின்னதாகச் செய்தோம். உயரம் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், நீளம் ஒரு ஆள் படுக்கிற அளவு. உள்ளே பாட்டரி. முன்சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், பின்சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், ஒவ்வொரு மோட்டாருக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு செயின். பின்னால் பெட்டிகளைக் கோத்தால் வாண்டுகள் காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் பிளாக் பூங்காவில், வேப்பமரங்களுக்கு நடுவே வளைத்து வளைத்து அதற்குத் தண்டவாளம் போட்டிருக்கிறோம். ரயில் ஓடாத நாட்களில் வாக்கிங் போகிறவர்கள் அதில் தடுக்கிக்கொண்டு என்னைத் திட்டுவார்கள்.

‘நாங்கள்’ என்று சொன்னேன் இல்லையா, அந்த இன்னொருவன் ஒரு வெல்டர். முத்தாண்டிக்குப்பத்துக்காரன், என்னைவிடச் சின்னவன். நான் தம்பி என்று கூப்பிடுவேன், அவன் அண்ணே என்பான். நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். இரும்பை அவன் பற்றவைத்தால் இணைப்பு எங்கே இருக்கிறது என்று நகத்தால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்ஜினின் சட்டம், சக்கரம், தண்டவாளம் எல்லாம் அவன் கைவேலை. மின்சார வேலையும் பெயின்ட்டும் நான்.

அந்த மார்கழியில் அவன் வாழ்க்கை ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பர்மனென்ட் ஆக்குவதற்கான லிஸ்டில் ஒருவழியாக அவன் பெயர் வந்திருந்தது. பொங்கல் கழிந்ததும் மெடிக்கல். ஃபிட் என்று வந்தால் குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, மகள் படிப்பு எல்லாம் வழிக்கு வந்துவிடும். அன்ஃபிட் என்றால் அவன் வயதுக்கு இன்னொரு லிஸ்ட் கிடையாது. அதற்கும் முன்னால் செக்‌ஷன் அதிகாரி ‘ஆள் வேலைக்கு லாயக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த அதிகாரி எங்கள் பிளாக்கிலேயே குடியிருந்தார். தினமும் சாயங்காலம் பூங்காவில் நடப்பார். எவன் இருமினான், எவன் நொண்டினான் என்பதெல்லாம் அவர் வாயில் அன்றைக்கே ஊர்வலம் போகும். இதையெல்லாம் தம்பி என்னிடம் பேசியதே இல்லை. அவன் பெண்டாட்டி என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மழை முடிந்து வண்டியை மறுபடி வெளியே எடுத்த அன்று, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஏற்றத்தில் முதல் வழுக்கல் நடந்தது. ஏற்றம் என்றால் மலை இல்லை, பார்வைக்கே தெரியாத மேடு. அதுவரை பெட்டி நிறையப் பிள்ளைகளோடு அலட்டிக்கொள்ளாமல் ஏறிக்கொண்டிருந்த வண்டி அன்று பாதியில் முனகியது. இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரம் பிடித்து இழுக்கப் பார்க்கிறது, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பெட்டியில் இருந்த ஒரு பொடிசு, “அங்கிள், உங்க ட்ரெயின் டயர்டாயிடுச்சு” என்றது. எல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு மானம் போயிற்று.

பெல்ட் வழுக்கினால் முதலில் அது ஓடுகிற டிரம்மைப் பார் என்பது மைன்ஸில் எங்கள் பாடம். அதனால் தண்டவாளத்தைப் பார்த்தேன். மார்கழிப் பனியும் காற்றில் வருகிற அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசியும் சேர்ந்தால் இரும்பின் மேல் ஒரு வழவழப்பு படியும். எங்கள் ஊரில் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைக் கேட்டால் அதுவே சொல்லும். ஏற்றம் முழுக்க மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே உப்புத்தாளும் போட்டேன். சக்கரத்தில் படிந்திருந்த கறுப்பையும் சுரண்டி எடுத்தேன். மறுநாள் ஒரு சுற்று ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் பழைய குருடி கதவைத் திறடி.

பிறகு வளைவில் தண்டவாளம் நெருக்கிச் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிறதா என்று அளவுக்கட்டை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பின் செயின் கொஞ்சம் தொய்ந்திருந்ததை இழுத்துக் கட்டினேன். பலனில்லை. பாட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், அது கல் மாதிரி நின்றது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முன் மோட்டாரைக் கழற்றிப் பின்னாலும் பின் மோட்டாரை முன்னாலும் மாட்டினேன். கோளாறு மோட்டாரில் இருந்தால் அதுவும் கூடவே முன்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்போதும் பின்சக்கரம்தான் வழுக்கியது. ஆக, மோட்டார் மேல் குற்றமில்லை. பின்பக்கத்தில் என்னவோ இருக்கிறது, அல்லது பின்பக்கத்தில் யாரோ என்னவோ செய்கிறார்கள்.

பின்பக்கம் என்றதும் எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

என்ஜின் என் குவார்ட்டர்ஸ் ஷெட்டில் இருக்கும். ஓட்டுகிற நாளில் தள்ளுவண்டியில் ஏற்றிப் பூங்காவுக்குக் கொண்டுபோவோம். பாட்டரியைத் தனியாக வைத்துவிட்டு, முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கித் தண்டவாளத்தில் வைப்போம். முன்பெல்லாம் யார் எந்தப் பக்கம் என்று கணக்கே கிடையாது. இப்போது கொஞ்ச நாளாக அவன் தவறாமல் பின்பக்கம்தான் போகிறான். நான் பின்னால் போய் நின்றால், “நீங்க முன்னால வாங்கண்ணே, தூக்கிக்கினே பின்னால நடந்தா காலு இடறும்” என்று கூட்டிக்கொண்டு வந்து விடுகிறான். என்றைக்கு இல்லாத அக்கறை?

அதோடு, ஷெட்டுக்கு அவனிடமும் ஒரு சாவி இருந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து மத்தியானமே வந்துவிடுவான். நான் சாயங்காலம் வருவதற்குள் என்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தயாராக வைத்திருப்பான். ஷெட்டில் சங்கிலிக் கப்பி இருந்ததால் அதற்கு ஓர் ஆள் போதும். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று யார் கண்டார்கள்?

ஒரு நாள் அவன் போன பிறகு பின்கம்பியை முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாடை அடித்தது. மெஷின் எண்ணெய் இல்லை, காரமாக மூக்கில் ஏறுகிற ஏதோ ஒரு எண்ணெய். விரலில் பிசுபிசுத்தது. பயல் சக்கரத்தில் எண்ணெய் தடவுகிறான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். உடனே சக்கரத்தையும் முகர்ந்தேன், அதில் ஒன்றுமில்லை. துடைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

என் மனைவி கேட்டாள். “அவர் கையால செஞ்சத அவரே எதுக்குக் கெடுக்கணும்?”

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து ராட்டினக்காரர் ஒருவர் வந்து, திருவிழாக்களில் ஓட்ட இந்த ரயிலைக் கேட்டிருந்தார். நான் முடியாது என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டேன். அன்று தம்பி வாயே திறக்கவில்லை. இங்கே ஓடாது என்று நான் சலித்துப் போனால் ரயில் தன்னால் அந்தப் பக்கம் போய்விடும் அல்லவா? மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்க மைன்ஸ்ல இருக்க வேண்டிய ஆளே இல்ல. போலீஸ்ல இருந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

அவனிடமே ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “ஏன் தம்பி, பின்சக்கரம் மட்டும் ஏன் வழுக்குது?”

“நானும் பாத்துகினுதான் இருக்கேண்ணே.” முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். “வுடுங்க, ஒரு பொட்டிய கயட்டிட்டு ஓட்டலாம். பசங்கள கொறச்சா ஏறிக்கும்.”

ஒரு மயிரிழை கோணினாலும் அறுத்துப்போட்டு மறுபடி பற்றவைக்கிறவன் சொல்கிற பேச்சா இது?

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஷெட்டுக்குள் போனேன். என்ஜினின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூடி உண்டு. உள்ளே இரும்புப் பட்டைகள் அடுக்கியிருக்கும். மோட்டாருக்கு எத்தனை வலு இருந்தாலும் சக்கரத்தின் மேல் கனம் உட்கார்ந்தால்தான் அது தண்டவாளத்தைப் பிடிக்கும். அதற்காகவே வடலூர்ப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி எடுத்து, அவன் வெட்டி, நான் பெயின்ட் அடித்து, இரண்டு பேருமாக அடுக்கியவை. நாங்களே அடைத்த மூடி என்பதால் அதைத் திறந்து பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. இரும்பு எழுந்து நடந்தா போய்விடும்? பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே பட்டைகள் இல்லை. மூடி ஆடாமல் இருக்கப் பழைய துணி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தது.

இந்த ஊரில் இரும்பு காணாமல் போனது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு, எவனோ திருடி எடைக்குப் போடுகிறான். எங்கள் சொந்த இரும்பாகவே இருக்கட்டும், ‘அவன் இரும்பை எடுத்துவிட்டான்’ என்று நான் டீக்கடையில் ஒரு தரம் சொன்னால் போதும், செக்‌ஷன் அதிகாரி காதுக்குப் போகும், லிஸ்டில் அவன் பெயர் இருக்காது. அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினேன் என்றால் என் நல்ல மனசு காரணமில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற வெறிதான்.

ஷெட்டைக் குடைந்தேன். மூலையில் சிமென்ட் மூட்டைக்குப் பின்னால் ஒரு சாக்கு கிடந்தது. இழுத்தேன், அசையவில்லை. உள்ளே அத்தனை பட்டைகளும், பெயின்ட் உரியாமல், இடையில் காகிதம் வைத்து அடுக்கியபடி இருந்தன. விற்கவில்லை. அப்படியானால் விற்கப் போகிறான். அப்படித்தான் அப்போது நினைத்தேன். திருடப் போகிறவன் எதற்குப் பெயின்ட் உரியாமல் காகிதம் வைக்கிறான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

“நேரா கேட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

“கேட்டா பொய் சொல்லுவான்.”

“கேக்கறதுக்கு முன்னாடியே பொய்யின்னு எப்படித் தெரியும்?”

அத்தனை பட்டைகளையும் மறுபடி பின்பெட்டியில் அடுக்கி, மூடியைத் திருகி, சாக்கைச் சுருட்டிப் பழைய இடத்திலேயே வைத்தேன். காணும் பொங்கலன்று பூங்காவில் ரயில் ஓட்டுவதாகப் பேச்சு. அவனுக்கு இரவு ஷிஃப்ட், காலையில் நேராகப் பூங்காவுக்குத்தான் வருவான். தூக்கும்போது கனம் கைக்குத் தெரியும். அந்த நிமிஷம் அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். முகம் பொய் சொல்லாது.

காணும் பொங்கலன்று பூங்கா நிறைந்திருந்தது. நானே என்ஜினைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுக்கத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். தம்பி தூக்கக் கண்ணோடு வந்தான். வந்ததும் அவன் பார்வை பின்மூடிக்குத்தான் போயிற்று. கை திருகைத் தொட்டது.

“என்ன தம்பி பாக்குற? தூக்கலாம் வா” என்றேன்.

“இல்லண்ணே, மூடி சரியா இருக்கான்னு…”

“எல்லாம் நான் பாத்துட்டேன். வா.”

அதற்குள் செக்‌ஷன் அதிகாரி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டார். பேரன் முன்பெட்டியில்தான் உட்காருவேன் என்று அடம். “சீக்கிரம் வைங்கப்பா” என்றார். தம்பி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து கம்பியைப் பிடித்தான்.

தூக்கினோம். நான் கம்பியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்தேன். திருட்டு வெளிப்பட்டவன் விழிப்பான் என்று காத்திருந்தேன். அவன் விழிக்கவில்லை. உதட்டைக் கடித்தான். நெற்றியில் வியர்வை பொடித்தது. வலது கை மட்டும் கம்பியைப் பற்றியிருந்தது. இடது கை வருகிறது, பிடிக்கிறது, நழுவுகிறது. முழங்கையைக் கம்பிக்கு அடியில் கொடுத்துத் தாங்கப் பார்த்தான், தோள் மேலே ஏற மறுத்தது. அந்த வாடை குப்பென்று வந்தது. இத்தனை பக்கத்தில் வந்தபோதுதான் அது என்ன எண்ணெய் என்று எனக்குத் தெரிந்தது. வலித் தைலம். அடப்பாவி, இவன் சக்கரத்துக்கு எண்ணெய் போடவில்லை, தோளுக்குப் போட்டிருக்கிறான். பின்முனையைத் தூக்க முடியாமல்தான் அந்த முனையின் கனத்தை எடுத்து வைத்திருக்கிறான். என் பக்கத்துக் கனம் அப்படியே இருந்ததால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

“என்னய்யா, வெல்டருக்குக் கை நடுங்குது?” என்றார் அதிகாரி.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். என் முனையைத் தள்ளுவண்டியின் மேலேயே தடாலென்று விட்டேன். “ஐயோ, அம்மா, என் இடுப்பு” என்று கத்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். என்ஜினின் முன்தடுப்பு கோணிக்கொண்டது. அவன் முனையும் வண்டியில் இறங்கிவிட்டது. பூங்காவே என் பக்கம் ஓடி வந்தது. ஒருவர் தண்ணீர் நீட்டினார், ஒருவர் காலை நீட்டச் சொன்னார், ஒருவர் நீட்டக் கூடாது என்றார். வாட்டசாட்டமான பையன்கள் நாலைந்து பேர் வந்து என்ஜினை அலாக்காகத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்தார்கள்.

அதிகாரிக்கு ஒரு பிரசங்கம் செய்ய வாய்ப்புக் கிடைத்துவிட்டது. “பர்மனென்ட் ஆளுங்க எல்லாம் உக்காந்து உக்காந்து இப்படித்தான் ஆயிட்டீங்க. இவனப் பாருங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து நிக்கறான். இவன்தான் ஆளு” என்று சொல்லித் தம்பியின் தோளில் ஓங்கித் தட்டினார். இடது தோளில். தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தவர்கள் எனக்கு வலி அதிகம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று ரயில் பிரமாதமாக ஓடியது. பெட்டி கொள்ளாத பிள்ளைகளோடு தண்ணீர்த் தொட்டி ஏற்றத்தில் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. நான் இடுப்பில் கை வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “காலையில சிலிண்டரத் தனியாத் தூக்கி மாட்டினீங்களே” என்றாள் மெல்ல. வீட்டில் ஒருவனுக்குச் சந்தேகப் புத்தி இருந்தால் போதாதா? “வீட்ல பேசிக்கலாம்” என்றேன்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு தைலப் புட்டி, பாதிக்கு மேல் காலி.

“வூட்டுல இருந்துதுண்ணே. லேசா சூடு காட்டித் தேச்சிக்கினு படுங்க. நல்லா கேக்கும்.”

மூடியைத் திறந்தேன். அதே வாடை.

“கனத்த நீங்கதான் திரும்ப வெச்சீங்களா?” என்று கேட்டான்.

“நான்தான்.”

“நான் எடுத்தது தெரியுமா?”

“தெரியும்.”

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். “ஐப்பசி மழையில பைக்கு சறுக்கி வுழுந்துட்டேண்ணே. வெல்டிங்கு வலது கையில புடிக்கிறது, அதுக்கு ஒண்ணும் ஆவுல. தூக்குறதுதான் முடியல. யார் கிட்டயும் சொல்லிக்கல. வாய வுட்டு ஒரு வார்த்த வெளிய போனா…”

“எனக்கு எதுக்கு இதெல்லாம் சொல்ற?” என்றேன். “எனக்கு இடுப்பு வலி. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இந்த மனிதனையா ராட்டினக்காரரோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், “காப்பி குடிச்சிட்டுப் போ” என்று அதட்டினேன்.

அடுத்த வாரமே அவன் இரும்புச் சட்டத்தில் ஒரு சாய்வுப் பாதை செய்துகொண்டு வந்தான். தள்ளுவண்டியிலிருந்து தண்டவாளம் வரை என்ஜின் தானே உருண்டு இறங்கும், யாரும் தூக்க வேண்டாம். இத்தனை நாள் எங்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். பூங்காவில் கேட்டவர்களிடமெல்லாம் “அண்ணனுக்கு இடுப்பு முடியல, அதான்” என்று சொன்னான். அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் எனக்கு இடுப்புக்காரர் என்று பெயர். மார்க்கெட்டில் காய்ப் பையைத் தூக்கினால் யாராவது வந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். பிடுங்குகிறவர் பைக்குள் எட்டிப் பார்க்கிறாரா என்று நானும் ஒரு கண் வைத்துக்கொள்கிறேன்.

மெடிக்கல் அன்று நான் வேலைக்குப் போனேனே தவிர மனசு அங்கே இல்லை. சாயங்காலம் பஸ் இறங்கி வரும்போது அவன் என் குவார்ட்டர்ஸ் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் செய்யச் சொன்னதை அப்படியே செய்து காட்டினான். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மெல்லத் தலைக்கு மேலே தூக்கினான். வலது கை போன பிறகு, ஒரு மூச்சு தாமதித்து, இடது கையும் போய்ச் சேர்ந்தது.

“ஃபிட்டுண்ணே” என்றான்.

அந்த ஒரு மூச்சுத் தாமதத்தை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். கையை இறக்கிவிட்டுக் கேட்டான்.

“இடுப்பு இப்ப எப்டிண்ணே இருக்கு?”

“இன்னும் வலிக்குது தம்பி” என்றேன்.